ஜோர்டானுக்குக் குடும்பத்தோடு: வாசகர் கேள்விகள்

கே: நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், 64 வயது மாமியார் என ஐந்து பேரும் ஜோர்டான் போகிறோம். ஐந்து இரவுத் திட்டத்தில் அம்மான், ஜெராஷ், சாக்கடல், பெட்ரா, வாடி ரம், அகபா என்று ஆறு இடம் போட்டிருக்கிறார்கள். வழிகாட்டி உண்டு. பிள்ளைகளுக்குச் சரிப்படுமா? – வாசகி, ஈரோடு

ப: இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் ஐந்து இரவுக்கு ஆறு இடம் வேண்டாம், தயவுசெய்து. அம்மானிலிருந்து, பாறையில் குடைந்த பழைய நகரமான பெட்ராவுக்கு நல்ல சாலையிலேயே மூன்று மணி நேரம். பெட்ராவிலிருந்து வாடி ரம் பாலைவனத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தினமும் பெட்டி கட்டி, தினமும் வேனில் ஏறினால் உங்கள் மகனுக்குத் தூக்கமும் வாந்தியும்தான் மிஞ்சும். ஜெராஷையும் அகபாவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பெட்ராவுக்கு இரண்டு இரவு, வாடி ரம்முக்கு இரண்டு இரவு, திரும்பும் முன் சாக்கடலில் ஓர் இரவு. குடும்பங்களோடு அங்கே போய்வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், பிள்ளைகள் பல வருடம் கழித்தும் பேசுவது வாடி ரம்மின் இரண்டாவது நாளைப் பற்றித்தான். முதல் நாள் மணலைப் பார்த்து மிரள்வார்கள். இரண்டாவது நாள் அது அவர்கள் வீட்டு முற்றமாகிவிடும்.

பெட்ராவில் காலை 6 மணிக்கே கதவு திறக்கும். அப்போதே உள்ளே போய்விடுங்கள். நுழைவாயிலிலிருந்து கருவூலம் என்கிற அந்த ரோஜா நிறப் பாறை முகப்பு வரை கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அதில் 1.2 கிலோமீட்டர் சிக் என்னும் குறுகிய மலையிடுக்கு. மாமியாருக்கு முட்டிவலி இருந்தால் மின்சார வண்டி உண்டு, கூச்சப்படாமல் ஏற்றிவிடுங்கள். நடப்பவர்கள் சுவரோரம் ஓடும் வாய்க்காலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெட்ராவைக் கட்டிய பழங்கால மக்களான நபதேயர்கள் பாறையைக் குடைந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வழி அது. அதைத் தொட்டுக்கொண்டே நடந்தால் ஆறு வயதுப் பையனும் அலுக்காமல் வருவான்.

மடாலயம் எனப்படும் மேல் முகப்புக்கு 800க்கும் மேற்பட்ட படிகள். மகளும் அப்பாவும் ஏறட்டும், மற்றவர்கள் கீழே டீ குடிக்கலாம். 'கழுதையில் ஏறுங்கள்' என்று கூப்பிடுவார்கள். அந்த வழுக்குப் படிகளில் கழுதைக்கும் கஷ்டம், மேலே உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. வேண்டாம் என்று சொல்லிப் பழகட்டும் பிள்ளைகள். அப்புறம், உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் பாசிமணியும் அஞ்சலட்டையும் நீட்டுவார்கள். மனசு கேட்காது. ஆனாலும் அவர்களிடம் வாங்காதீர்கள். இப்படி விற்பனை நடந்துகொண்டிருக்கும்வரை அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக மாட்டார்கள். பெரியவர்கள் நடத்தும் கடையில் தாராளமாக வாங்குங்கள்.

கே: எந்த விடுமுறையில் போவது? – வாசகர், நாகர்கோவில்

ப: முழுஆண்டு விடுமுறை தொடங்கியதும் கிளம்புங்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி நல்ல காலம். இடையில் சில நாள் கம்சீன் என்னும் பாலைவனச் சூடான காற்று தூசியைக் கிளப்பும், அது போய்விடும். காலாண்டு விடுமுறையும் தோதுதான், நாட்கள்தான் குறைவு. அரையாண்டு விடுமுறையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் டிசம்பர் இரவில் வாடி ரம்மில் குளிர் உறைநிலையை நெருங்கும். நம் ஊர் ஸ்வெட்டர் அதற்குக் காணாது. ஜூலை, ஆகஸ்டை மறந்துவிடுங்கள்.

கே: என் மகனுக்கு 14 வயது. வாடி முஜிப் பள்ளத்தாக்கில் தண்ணீருக்குள் நடக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதற்காகவே ஜோர்டான் போகணும் என்கிறான். ஒரு முகவர் 'வயதைக் கூட்டிச் சொல்லிக்கொள்ளலாம்' என்கிறார். – வாசகர், மதுரை

ப: அந்த முகவரை விட்டுவிடுங்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முஜிப்பின் சிக் பாதையில் 18 வயது ஆனவர்களுக்குத்தான் அனுமதி, அதுவும் உயிர்காப்புச் சட்டையோடு, கோடை மாதங்களில் மட்டும். விதி சும்மா வரவில்லை. பாலைவன மலைகளில் மண் குறைவு, பாறை அதிகம். மழை உறிஞ்சப்படாமல் அப்படியே வழிந்து எல்லாம் ஒரே இடுக்கில் வந்து சேரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை உங்களைத் தேடி வரும். 1963ல் பெட்ராவின் சிக்கிலேயே இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இப்படி வந்த வெள்ளத்தில் இறந்தார்கள். நபதேயர்கள் அந்த வெள்ளத்தைத் திருப்பிவிட அணையும் சுரங்கமும் கட்டியிருந்தார்கள். அவை தூர்ந்து கிடந்தன, பிறகுதான் மறுபடி அணை கட்டினார்கள். 2018 அக்டோபரில் சாக்கடல் அருகே சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள்.

இதற்காகத்தான் உள்ளூர் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கிறோம். வழி காட்ட மட்டும் அல்ல, 'இன்று வேண்டாம்' என்று சொல்வதற்கும். அப்படி அவர் சொன்னால் பணம் வீணாகிறதே என்று வாதாடாதீர்கள்.

மகனுக்கு வேறு வழி இருக்கிறது. வாடி ரம்மின் தெற்குக் கோடியில், சவூதி எல்லை அருகே ஜபல் உம் அத் தாமி. 1,854 மீட்டர், ஜோர்டானின் மிக உயர்ந்த சிகரம். ஜீப்பில் அடிவாரம் வரை போய், பெடூயின் (பாலைவன நாடோடி இனத்தவர்) வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் ஏறினால் உச்சி. கயிறு தேவையில்லை, நல்ல காலணி போதும். 'ஒரு நாட்டின் உச்சியில் நின்றேன்' என்று பள்ளியில் சொல்லிக்கொள்ளலாமே! வாடி ரம் வீடியோக்களில் வரும் புர்தா பாறைப் பாலம் மட்டும் வேண்டாம். அங்கே கையூன்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு, கீழே பள்ளம்.

கே: நாங்கள் சுத்த சைவம். பாலைவனக் கூடாரத்தில் என்ன சாப்பிடுவது? – வாசகி, மயிலாப்பூர்

ப: பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஹம்முஸ், ஃபலாஃபல், சுட்ட கத்தரிக்காய் மசியல், பருப்பும் அரிசியும் சேர்த்த முஜத்தரா, தக்காளித் தொக்கு மாதிரி ஒன்று, எல்லாம் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஸர்ப். மணலில் குழி தோண்டி, கனல் போட்டு, அடுக்குத் தட்டை இறக்கி மூடிவிடுவார்கள். இறைச்சியும் காய்கறியும் ஒரே குழியில் வேகும், கொழுப்பு சொட்டும். உங்கள் காய்கறியைத் தனியாகச் சமைக்கும்படி முன்பதிவின்போதே சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் குழி ஏற்கெனவே மூடியிருக்கும்.

குளிப்பதில் மட்டும் சிக்கனம். வாடி ரம் பகுதிக்கு அடியில் இருக்கும் திசி என்னும் நிலத்தடி நீர்த்தேக்கம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. 2013லிருந்து அதைத்தான் 300 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு அம்மானுக்குக் கொண்டுபோகிறார்கள். எடுத்த அளவு அது ஊறுவதில்லை.

கே: கைபேசியில் வரைபடம் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? – வாசகர், கோவை

ப: பெட்ராவின் முதன்மைப் பாதைக்குத் தேவையில்லைதான். வாடி ரம்மில் கட்டாயம் தேவை. அங்கே சாலை கிடையாது, மணலில் தடங்கள்தான், நேற்றைய தடம் இன்று இருக்காது. அதைவிட, கஸாலி இடுக்கின் சுவரில் ஆதிகாலத்து மனிதர்கள் கீறிய உருவங்களை உங்கள் கைபேசி காட்டும், ஆனால் பாதச் சுவடு ஒன்றைப் பார்த்து 'இது நரி, இது இன்று விடிகாலை போனது' என்று பிள்ளைகளை முட்டி போட வைக்காது. நான் பார்த்த ஓர் ஓட்டுநர் வாண்டுகளை விறகு பொறுக்க அனுப்பி, உலர்ந்த சுள்ளியையும் உயிருள்ள செடியையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார். டீ கொதிப்பதற்குள் அது ஒரு பாடமாகிவிட்டது.

முன்பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்கள். ஓட்டுநர் வாடி ரம் கிராமத்துக்காரரா? கூடாரம் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளேயா, வெளியே திசி கிராமத்துப் பக்கமா? மழை எச்சரிக்கை வந்தால் மாற்றுத் திட்டம் என்ன, பணம் திரும்ப வருமா? வண்டிகள் பெரும்பாலும் பின்புறம் பெஞ்சு போட்ட பிக்கப்தான், சீட் பெல்ட் இருக்காது. சின்னப் பிள்ளையை முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார வைக்க இடம் உண்டா என்றும் கேளுங்கள். சுற்றுலா இடங்களின் நுழைவுக் கட்டணங்களை ஒன்றாகச் சேர்த்த ஜோர்டான் பாஸ் 70 தினாரிலிருந்து தொடங்குகிறது. மூன்று இரவாவது தங்கினால் விசாக் கட்டணமும் அதில் அடங்கும், கிளம்பும் முன்பே வாங்கிவிட வேண்டும். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு நுழைவுச் சீட்டு தேவையில்லை, பெற்றோருடன் போனால் போதும். பிள்ளைகளுக்கும் பாஸ் விலை சேர்த்து உங்கள் கட்டணத்தைப் போட்டிருந்தால் கழிக்கச் சொல்லுங்கள்.