மாமரத்துல தேன்சிட்டும் வருது புல்லுருவியும் வளருது, யார விரட்டறது?

சிங்கப்பூர்ல சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் தரை வீட்டுல இருக்கற ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "பின்னாடி இருக்கற மாமரத்துல ஒரு கொத்து மட்டும் வேற மாதிரி இலை, அதுல ஆரஞ்சு கலர்ல குழல் மாதிரி பூ. விடிஞ்சா போதும் தேன்சிட்டு வந்து அதுலயே தொங்குது. அந்த கிளையோட நுனி காஞ்சுகிட்டே வருது, காயும் இல்ல. குருவிதான் இத கொண்டாந்து மரத்த கெடுக்குதா? வலை போடட்டுமா, மருந்து அடிக்கட்டுமா?"

வலையும் வேணாம் மருந்தும் வேணாம்க்கா, நல்ல ரம்பம் ஒண்ணு இருந்தா போதும்.

நீங்க சொல்றது புல்லுருவி, யாழ்ப்பாணத்து ஆளுங்க குருவிச்சைன்னு சொல்லுவாங்களே அதே கூட்டம். நம்ம ஊர்ல ரோட்டோர மரத்துலயும் பழ மரத்துலயும் சகஜமா பாக்கறது டென்ட்ரோஃப்தோயி பென்டான்ட்ரான்னு ஒரு வகை, தமிழ்நாட்டு மாந்தோப்புல தொல்ல குடுக்கற டென்ட்ரோஃப்தோயி ஃபால்கேட்டா இதுக்கு பங்காளி. இதுக்கு பச்சை இலை இருக்கு, சாப்பாட்ட அதுவே வெயில்ல சமைச்சுக்கும், ஆனா தண்ணியும் உப்புச்சத்தும் மொத்தமா உங்க மரத்துகிட்டதான், கிளைக்குள்ள உறிஞ்சு வேர இறக்கி எடுக்குது. மாமரம் வெயில் ஏறினா இலைத் துளைய மூடிகிட்டு தண்ணிய மிச்சம் பிடிக்கும், இவரு ஓசித் தண்ணிதானேன்னு திறந்தே வச்சிருப்பாரு. அதனாலதான் ஒட்டின இடம் முண்டு மாதிரி வீங்கி அதுக்கு அப்பால இருக்கற நுனி காயுது.

இப்ப குருவி விஷயம். ரெண்டு குருவி இருக்கு, ரெண்டையும் ஒண்ணா நினைக்கறதுலதான் குழப்பமே. நீங்க பாத்த தேன்சிட்டுக்கு அலகு நீளமா வளைஞ்சிருக்கும், வயிறு மஞ்சள், ஆணா இருந்தா தொண்டை கருநீலமா மின்னும். சில நேரம் உடம்பு செக்கச்செவேல்னு இருக்கற தேன்சிட்டும் வரும், நம்ம தேசியப் பறவைன்னே பல பேரு செல்லமா சொல்றாங்களே அது. இதுங்க பூவுல தேன குடிக்குது, மகரந்தத்த பூவுக்கு பூ மாத்துது, குஞ்சுக்கு பூச்சியும் சிலந்தியும் பிடிச்சு ஊட்டுது. மாமரத்துக்கு இதுங்களால ஒரு கெடுதலும் இல்ல.

விதைய கொண்டு வர்றது பூக்கொத்தி. கட்டை விரல் அளவுதான் இருக்கும், அலகு குட்டை, ஆணுக்கு உச்சந்தலைலேருந்து வால் வரைக்கும் முதுகுல சிவப்பு பட்டை, 'டிக் டிக்'னு கத்திகிட்டே பறக்கும். புல்லுருவி பழத்த முழுங்கும், கொஞ்ச நேரத்துலயே விதை பின்னாடி வந்துடும், ஆனா அதுல பசை இருக்கறதால கீழ விழாம ஒட்டிக்கும், குருவி வேற வழியில்லாம கிளைல உக்காந்து பின்பக்கத்த தேய்ச்சு விட்டுட்டு போகும். சிரிப்பா இருக்கும் பாக்க, ஆனா விதைக்கு வேண்டிய இடமும் அதேதான். அதுக்காக பூக்கொத்திய விரட்டலாம்னு நினைக்காதீங்க, முடியவும் முடியாது. வலைல மாட்டினா செத்துப் போகும், அனுமதி இல்லாம காட்டுப் பறவைய பிடிக்கறது கொல்றது இங்க சட்டப்படி குத்தம்.

வேலை கிளைலதான். புல்லுருவி ஒட்டின இடத்துலேருந்து அடிமரம் பக்கமா குறைஞ்சது ஒரு அடி உள்ள தள்ளி கிளையவே வெட்டணும். கொத்த மட்டும் பிச்சு போட்டுட்டு கைய தட்டிகிட்டு வந்துடுவாங்க நிறைய பேரு, ஒண்ணும் ஆகாது, ஏன்னா இது கிளை மேலயே கயிறு மாதிரி வேர ஓட்டி வழில அங்கங்க உறிஞ்சு வேர இறக்கி வச்சிருக்கும், மிச்சம் இருந்தா திரும்ப முளைக்கும். அந்த கயிறு எது வரைக்கும் ஓடியிருக்குன்னு தடவிப் பாத்துட்டு அதுக்கும் உள்ள வெட்டுங்க. அடிமரத்துலயே ஒட்டியிருந்தா வெட்ட முடியாது, தழைக்க தழைக்க கிள்ளிகிட்டே இருக்கணும், சாகாது ஆனா இளைச்சுப் போகும். மருந்து அடிச்சா ரெண்டுக்கும் ஒரே குழாய்ங்கறதால மரத்துக்கும் போகும், நீங்க திங்கற பழம் வேற.

காய் பறிச்சு முடிச்சதும் வெட்டுங்க, புல்லுருவி பழம் வைக்கறதுக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது. மாங்கா பால் கைல பட்டா அரிக்கும், கிளவுஸ் போட்டுக்கங்க. ஏறறதுக்கு முன்னாடி பை மாதிரி தொங்கற கூடு ஏதாவது இருக்கான்னு பாருங்க, இருந்தா குஞ்சு பறக்கற வரைக்கும் பொறுங்க. பெரிய கிளைன்னா ஆள் வச்சு செய்யுங்க, ஏணில நின்னு ரம்பம் போட்டு இடுப்ப உடைச்சுக்காதீங்க. புல்லுருவி இலைய திங்கற கம்பளிப்பூச்சி கூட்டம் இருந்தாலும் பயப்படாதீங்க, அடி இறக்கை மஞ்சளும் சிவப்புமா இருக்குமே அந்த பட்டாம்பூச்சியோட புழுதான், அது மாவிலைய தொடாது. பெரணி, ஆர்கிட் மாதிரி சும்மா மேல உக்காந்திருக்கறது புல்லுருவி இல்ல, அத வெட்டிடாதீங்க.

ஒரு தடவ வெட்டினா முடிஞ்சுதுன்னு இல்ல. ரோட்டு மரத்துல இருக்கற புல்லுருவி பழுத்துச்சுன்னா பூக்கொத்தி திரும்ப கொண்டாரும், அந்த மரத்துல நீங்க கை வைக்க முடியாது, தேசியப் பூங்காக் கழகம் என்பார்க்ஸ்க்கு சொல்லணும், எச்டிபி அடுக்குமாடி புளோக் மரம்னா டவுன் கவுன்சில். உங்க மரத்துல மாசம் ஒரு தடவ மெல்லிசு கிளைங்கள பாருங்க, பளபளன்னு பசை சொட்டு ஒட்டியிருந்தா விரலாலயே சுரண்டி எடுத்துடலாம். தேன்சிட்டு வராம போயிடுமேன்னு கவலையா இருந்தா வேலியோரம் இட்லிப்பூவோ ஹெலிகோனியாவோ வைங்க, காலைல அதுல வந்து தொங்கும்.