டவுன்டன் ஆபியில் அப்படி என்ன இருக்கிறது?

நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயப் பிரபுக் குடும்பத்தின் கதையைச் சொல்லும் இந்த பிரிட்டிஷ் டிவி தொடர் இன்றைக்கும் ஏன் பிடிக்கிறது என்று கேட்கிறீர்கள். உடைகளும் தொடரைப் படமாக்கிய ஹைகிளேர் மாளிகையும் கண்ணுக்கு விருந்துதான், சரி. ஆனால் அது இரண்டு எபிசோடுக்குத்தான் தாங்கும். என்னைக் கேட்டால், மாடியில் வாழும் பிரபுக் குடும்பத்துக்கும் கீழ்த்தளத்து வேலைக்காரர்களுக்கும் கதை சமமாக இடம் கொடுப்பதுதான் விஷயம். 1912 ஏப்ரலில், டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு முதல் எபிசோடு தொடங்குகிறது. பிரபுவின் கையில் மை ஒட்டக்கூடாதென்று நாளிதழை இஸ்திரி போடுகிறார்கள்! அதனால் செய்தி முதலில் வேலைக்காரர்கள் கண்ணில்தான் படுகிறது. அப்புறம் வீட்டுக்குத் தொலைபேசி வருகிறது. அத்தனை பேரையும் விரட்டி வேலை வாங்கும் தலைமைப் பணியாளர் கார்சன், யாருமில்லாதபோது அதில் பேசிப் பழகுகிறார். புதுக் கைபேசியோடு மல்லுக்கட்டிய யாருக்கும் அந்த முகம் தெரிந்த முகம்தான்.