டெங்குவுக்கு அன்டிபயோட்டிக் எதற்கு?

கேள்வி: டொக்டர், மகனுக்கு 17 வயது. டெங்கு என்று வார்ட்டில் இருக்கிறார். ஏழாம் நாளும் காய்ச்சல் விடவில்லை, நேற்றிலிருந்து அன்டிபயோட்டிக் ஊசி போடுகிறார்கள். டெங்குவுக்கு அது வேலை செய்யாது என்று முதலில் காட்டிய டொக்டர் சொன்னாரே? (ஒரு தாய், அக்கரைப்பற்று)

பதில்: இரண்டு பேரும் சரிதான் அம்மா. டெங்கு வைரஸால் வருவது, அன்டிபயோட்டிக் பக்டீரியாவைத்தான் கொல்லும், ஆகவே வெறும் டெங்குவுக்கு அது தேவையே இல்லை. ஆனால் சிலருக்கு டெங்குவோடு சேர்ந்தோ அதன் பின்னாலோ பக்டீரியாத் தொற்றும் வந்துவிடும். நியூமோனியாவாக வரலாம், சலத்தில் கிருமியாக வரலாம், சேலைன் ஏற்றிய இடம் சிவந்து வீங்கி அங்கிருந்தும் தொடங்கலாம்.

டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் விடும், இடையில் விட்டுத் திரும்ப வருவதும் உண்டு, அதனால் காய்ச்சலை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. எப்.பி.சி., அதாவது இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை பார்ப்போம். எல்லாரும் பிளேட்லெட்டையே கேட்பீர்கள், வெள்ளணு எவ்வளவு என்று கேட்கிற ஆளை நான் கண்டதே குறைவு! டெங்குவில் அது 5000க்குக் கீழே இறங்குவதுதான் வழக்கம். அது இறங்காமல் 12,000, 15,000 என்று ஏறி, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்த அளவும் நன்றாகக் கூடியிருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். சிக்கல் என்னவென்றால் டெங்குவிலும் பிரஷர் இறங்கும், கிருமி இரத்தத்தில் பரவினாலும் இறங்கும், பிளேட்லெட்டும் இரண்டிலும் குறையும். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர 2, 3 நாள் ஆகும், ஆள் சோர்ந்து போனால் அதுவரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், ஊசியைத் தொடங்குவார்கள். கல்ச்சரில் ஒன்றும் இல்லை, பிள்ளையும் தேறிவிட்டார் என்றால் நிறுத்தவும் கூடும்.

இன்னொன்று, மகன் அண்மையில் வேளாண்மை வயலுக்குள் இறங்கினாரா? மாரியில் நம்மூரில் டெங்குவும், எலிச் சலம் கலந்த வயல் தண்ணீரால் தொற்றும் பக்டீரியா நோயான எலிக்காய்ச்சலும் ஒன்றாகத்தான் வரும், ஒருவருக்கே இரண்டும் வரலாம். கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சலம் குறைவு இருந்தால் கேட்கும்வரை இருக்காமல் வார்ட்டில் நீங்களாகவே சொல்லுங்கள்.

அதற்காக வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சல் என்றால் பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பனடோல் போதும், அதுவும் அளவோடு. புரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளாவது எப்.பி.சி. எடுத்துப் பாருங்கள்.