மூன்று பேர், ஒரு கேமரா: குறும்படம் பற்றிய வாசகர் கேள்விகள்

கே: பத்து நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். மொத்தமே மூன்று பேர். யார் எந்த வேலையைப் பார்ப்பது?

ப: ஒருவர் இயக்கம், ஒருவர் கேமராவும் லைட்டும், மூன்றாமவர் முழுக்க முழுக்க ஒலி. மூன்றாவது ஆளை எடுபிடி வேலைக்கு விட்டுவிடாதீர்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு டேக்கையும் கேட்பதுதான் அவர் வேலை. ‘ஒலி சரியில்லை, இன்னொரு டேக்’ என்று சொல்லும் உரிமையும் அவருக்கு வேண்டும். ஷாட் கொஞ்சம் இருட்டாக வந்தால் கலர் கிரேடிங்கில் (எடிட்டிங்கில் நிறம், வெளிச்சத்தைச் சரிசெய்வது) ஓரளவு தேற்றிவிடலாம். எதிரொலியில் கரைந்த வசனத்தை மீட்பது பெரும்பாடு. கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் பார்ப்பது, இயக்குநரின் பொறுப்பு. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் நடிகரின் உடை, தலைமுடி, கையிலிருக்கும் பொருள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வைக்கட்டும்.

கே: அறைக்குள் எடுத்த வசனமெல்லாம் குகைக்குள் பேசுவதுபோல் கேட்கிறது. விலை உயர்ந்த மைக் வாங்கினால் சரியாகிவிடுமா?

ப: ஆகாது. சிக்கல் மைக்கின் தரத்தில் இல்லை, அது இருக்கும் தூரத்தில். கேமரா மேல் மாட்டிய மைக் நடிகரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால், குரலைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் அதிகம் பதிவாகும். மைக்கைக் கம்பில் கட்டி, ஃபிரேமுக்கு வெளியே, தலைக்கு மேலிருந்து நெஞ்சை நோக்கிப் பிடியுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் 40 முதல் 60 செ.மீ. இருக்கலாம். சின்ன அறையில், ஒரே திசையிலிருந்து வரும் ஒலியைப் பிடிக்கும் நீளமான ஷாட்கன் மைக்கைவிடச் சட்டையில் குத்தும் காலர் மைக் பல நேரம் நன்றாக வேலை செய்யும். துணி உரசுகிறதா என்று மட்டும் ஒத்திகையிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து அறை. ஃபிரேமில் தெரியாத சுவர்களில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள், தரையிலும் விரியுங்கள். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். ரெக்கார்டரின் மீட்டரில் (அதில் 0-தான் உச்சம்) வசனம் சராசரியாக மைனஸ் 18 முதல் மைனஸ் 12 டெசிபலுக்குள் நிற்கட்டும். கத்தும் இடத்தில்கூட மைனஸ் 6-ஐத் தாண்டக் கூடாது. உச்சத்தில் உடைந்த ஒலிக்குப் பெரும்பாலும் வைத்தியம் கிடையாது.

இடத்தைக் காலி செய்யும் முன், யாரும் பேசாமல் அசையாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே விழும் ஓட்டைகளை அடைப்பது அதுதான். சந்தேகமான வரிகளை அதே இடத்தில், அதே மைக்கில், கேமரா இல்லாமல் இன்னொரு முறை சொல்லச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: போனில் படம், தனி ரெக்கார்டரில் ஒலி. தொடக்கத்தில் உதடசைவு பொருந்துகிறது, போகப்போக விலகுகிறது. ஏன்?

ப: போனின் கேமரா ஆப் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) ஒரே சீராக வைத்திருப்பதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏற்றி இறக்கும். ஃபைலின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்கள்; ஃபிரேம் ரேட் மோடு ‘வேரியபிள்’ (மாறுவது) என்றிருந்தால் அதுதான் காரணம். எடிட்டிங் தொடங்கும் முன்பே, வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஃபிரேம் ரேட்டைப் பூட்டும் வசதியுள்ள ஆப்பில் எடுங்கள், ரெக்கார்டரின் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். படத்தையும் ஒலியையும் பொருத்த, ஒவ்வொரு டேக்குக்கும் கேமரா முன்னால் ஒரு கைத்தட்டல் கட்டாயம்.

கே: டியூப் லைட் இருக்கும் அறையில் எடுத்தால் படத்தில் பட்டைபட்டையாக ஓடுகிறதே?

ப: மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/60 அல்லது 1/120. மலிவான எல்இடி விளக்குகளை டிம்மரில் குறைத்தால் அப்போதும் பட்டை வரலாம். முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, விளக்கைத் தள்ளி வையுங்கள் அல்லது முன்னால் வெள்ளைத் துணி கட்டுங்கள்.

கே: எட்டுப் பக்கத் திரைக்கதையை ஒரே நாளில் முடிக்க முடியுமா?

ப: ஒரே இடம், இரண்டு நடிகர்கள் என்றால் முடியலாம். மூன்று பேர் குழு நாளொன்றுக்கு 15 முதல் 20 ஷாட் எடுப்பதே நல்ல வேகம். பட்டியலில் நாற்பது இருந்தால் முந்தைய இரவே பாதியை வெட்டுங்கள். படப்பிடிப்பில் நின்று வெட்டினால் முக்கியமான ஷாட்தான் போகும். கதை வரிசையில் எடுக்காதீர்கள். ஜன்னல் பக்கம் பார்க்கும் ஷாட்களை எல்லாம் முடித்துவிட்டுக் கேமராவைத் திருப்புங்கள். லைட்டை மாற்றி வைப்பதில்தான் நேரம் கரைகிறது.

கே: மெமரி கார்டு எவ்வளவு வேண்டும்?

ப: 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு தனித்தனி டிரைவ்களில் நகலெடுத்து, சில கிளிப்களைக் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.

கே: பிடித்த சினிமாப் பாட்டில் பத்து நொடி மட்டும் பயன்படுத்தி, டைட்டிலில் நன்றி போட்டால் போதுமா?

ப: போதாது. பத்து நொடிக்கு உரிமை தேவையில்லை என்பது வெறும் நம்பிக்கை. நன்றி என்பது அனுமதி ஆகாது. பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்குமான உரிமை ஒன்று, அந்தப் பதிவின் உரிமை இன்னொன்று. இரண்டுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். தெரிந்த இசைக்கலைஞரிடம் புதிதாக ஒரு நிமிட இசை கேளுங்கள். அதையும் எந்தப் படத்துக்கு, எங்கெல்லாம் திரையிட என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.