சைனைட் மேட்டுல எடுத்த போட்டோ

அண்ணா வணக்கம். போன ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட பைக்ல கேஜிஎஃப், அதான் கோலார் தங்கவயல், போயிருந்தோம். அந்த சைனைட் மேடு செம லொகேஷன், நிறைய போட்டோ எடுத்தோம். இறங்கி வர்றப்ப ஒரு பெரியவர் "மொதல்ல மூஞ்சி கைகால் கழுவுங்கடா"ன்னு திட்டினாரு. அவரே டீக்கடையில ஒக்காந்து, கம்பெனி காலம் மாதிரி வருமான்னு அரை மணி நேரம் பேசினாரு. எனக்குப் புரியல. அந்த மண்ணு விஷம்னா கம்பெனி எப்படி நல்ல கம்பெனி? அதுல இன்னமும் சைனைட் இருக்கா? உங்க ஊராச்சே, எழுதுங்க.
ஆர்., ராமமூர்த்தி நகர், பெங்களூரு

தம்பி,

மண்ணைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். அது மலை இல்ல, மில்லுல அரைச்சுத் தள்ளுன கல்லு. சுரங்கத்துல இருந்து ஏத்துன பாறையை மாவாட்டம் அரைச்சு, சோடியம் சயனைட் கலந்த தண்ணியில ஊற வெச்சா தங்கம் அதுல கரைஞ்சிடும், அப்புறம் துத்தநாகத்தைப் போட்டுத் தங்கத்தைப் பிரிச்சுக்குவாங்க, மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டிடுவாங்க. 120 வருஷத்துல எடுத்த தங்கம் 800 டன், கொட்டுன மண்ணு மூணு கோடி டன்னுக்கு மேல. நீ நின்னு போஸ் குடுத்தது அந்த மண்ணு மேலதான்.

சயனைட் வெயில்லயும் காத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா முறிஞ்சு போயிடும், பேருக்குத்தான் அது இன்னும் சைனைட் மேடு. உண்மையான தொல்லை ரெண்டு. ஒண்ணு, கந்தகம் கலந்த இரும்புத்தாது அந்த மண்ணுல இருக்கு, மழை பட்டா அமிலமாகி ஓடையில எறங்கும். இன்னொண்ணு அந்தத் தூசி. சிலிக்கா. கண்ணுக்கே தெரியாத பொடி, நுரையீரல்ல போய் ஒக்காந்தா திரும்ப வராது.

ஆடி மாசம் காத்து ஆரம்பிச்சா எங்க லைன்ல, அதான் தொழிலாளிங்க வீட்டு வரிசையில, எல்லா வீட்டுலயும் கதவிடுக்குல பழைய புடவையைச் சொருகி வெப்பாங்க. எங்கம்மா தண்ணிக் குடத்துமேல ஈரத்துணி போட்டு மூடுவாங்க, சாயங்காலம் அதை எடுத்துப் பிழிஞ்சா அரிசி கழுவுன தண்ணி மாதிரி வெள்ளையா வடியும். சோத்துல நறநறன்னு கடிபடும், நாங்க அதைப் பெருசா எடுத்துக்கிட்டதே இல்ல. இதுக்கெல்லாம் சுற்றுச்சூழல் பிரச்சனைன்னு ஒரு பேரு இருக்குன்னு நான் காலேஜ் படிக்க பெங்களூரு வந்தப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

இப்ப பெரியவர் விஷயம். அவர் புகழ்றது எந்தக் காலத்தைன்னு கேட்டுப் பாரு. 1880-ல ஜான் டெய்லர்ங்கற வெள்ளைக்காரச் சுரங்கக் கம்பெனி வந்து, வட ஆற்காடு சேலம் பக்கத்துல இருந்து பஞ்சத்துலயும் சாதிக் கொடுமையிலயும் அடிபட்ட சனங்க கூட்டம் கூட்டமா வந்து தட்டி வீட்டுல குடியிருந்த காலத்தையா? 1902-லயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்துல இருந்து சுரங்கத்துக்குக் கரண்ட் வந்துடுச்சு, பெங்களூரு தெருவுக்கு 1905-லதான் வந்துச்சு, இதை எங்க ஊர்க்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிப் பெருமைப்படுவோம், நானும்தான். ஆனா அதே ஊர்ல 1940-கள்ல டாக்டருங்க தொழிலாளிங்களை சோதிச்சுப் பாத்தப்ப 100 பேர்ல 40 பேருக்கு மேல சிலிகோசிஸ், அந்த சிலிக்கா தூசியால வர்ற நுரையீரல் நோய். மூணு கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் போன சுரங்கம், கீழ பாறை வெடிச்சா, அதை ஏர் பிளாஸ்ட்டுன்னு சொல்வாங்க, மேல இருக்குற வீடே ஆடும், புருஷன் ஷிப்ட்டுக்குப் போயிருந்தா பொம்பளைங்க அப்படியே ஷாஃப்ட், அதான் சுரங்கத்துக்குள்ள எறங்குற குழி, பக்கம் ஓடுவாங்க. பெரியவருக்கு இதெல்லாம் தெரியாம இருக்குமா?

அவர் கம்பெனி காலத்தை ஒப்பிடறது 2001-க்கு அப்புறம் வந்த காலத்தோட. பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடுனாங்க. வீடு கம்பெனியோடது, ஆஸ்பத்திரி கம்பெனியோடது, தண்ணி கரண்ட் எல்லாமே கம்பெனியோடது, அப்ப கம்பெனி போனா என்ன மிஞ்சும்? பம்பை நிறுத்தினதும் சுரங்கத்துக்குள்ள தண்ணி ரொம்பிடுச்சு. வயசுப் பசங்க மாரிகுப்பத்துல விடியக்காலை ட்ரெயின் ஏறி, பேப்பரை விரிச்சுப் படுத்துத் தூங்கிக்கிட்டே பெங்களூரு வந்து, செக்யூரிட்டி வேலையோ ஹவுஸ்கீப்பிங்கோ பாத்துட்டு ராத்திரி திரும்புறாங்க. தன் மகன், வீட்டுக் குழந்தைங்க தூங்குறப்ப போய்த் தூங்குறப்ப வர்றதைப் பாத்த மனுஷன், ஷிப்ட் முடிஞ்சா பத்து நிமிஷத்துல வீட்டுக்கு நடந்து வந்த காலத்தைப் பொற்காலம்னுதான் சொல்வாரு. அதை கம்பெனிக்கு சர்டிஃபிகேட்டா எடுத்துக்காத. பாரு, மண்ணைக் கழுவச் சொல்லி உன்னைத் திட்டினதும் அவர்தானே!

இன்னொரு சேதி. 13 மேடு, சுமார் ஆயிரம் ஏக்கர், அந்த மண்ணை மறுபடி சலிச்சு மிச்சத் தங்கத்தை எடுக்குற திட்டத்துக்கு 2024-ல கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு. ஊர்ல பாதிப் பேரு வேலை வரும்னு சந்தோஷப்படறாங்க. எனக்குத் தோண்டுறதுல ஆட்சேபணை இல்ல, தோண்டுறப்ப பறக்குற தூசிக்கு என்ன ஏற்பாடுன்னு டெண்டர்லயே எழுதணும், ஏற்கனவே இருமிக்கிட்டு இருக்குறவங்களுக்கு எக்ஸ்ரே யாரு எடுப்பான்னும் எழுதணும். தங்கம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கணக்குப் போட்டவங்களுக்கு இதுவும் முடியாத கணக்கு இல்ல.

போட்டோவை நீ டெலீட் பண்ண வேண்டாம். பைக்கோட ஏர் ஃபில்டரை மட்டும் ஒருதரம் கழட்டித் தட்டிப் பாரு, மூக்கைப் பொத்திக்கிட்டு.