வோல்டேஜ் ஏறி டிவி, ஃபிரிட்ஜ் போகுதா? பெங்களூர் வாசகர்கள் கேட்டதுக்கு பதில்

ஏப்ரல், மே மாசம் பெங்களூர்ல சாயங்கால இடிமழை ஆரம்பிச்சா எனக்கு கேள்வி குவிய ஆரம்பிச்சிடும். இந்த தடவை வந்ததுல முக்கியமான சிலதுக்கு மட்டும் சொல்றேன்.

கேள்வி (அல்சூர்): ராத்திரி திடீர்னு லைட் எல்லாம் பளீர்னு எரிஞ்சுது, ஃபேன் பிச்சுக்கிட்டு சுத்துச்சு. டிவி, செட் டாப் பாக்ஸ், ரெண்டு சார்ஜர் போச்சு. அதே நேரத்துல கீழ் வீட்ல லைட் மங்கிடுச்சாம். இடி கூட இடிக்கல, எப்படி?

அக்கா, கீழ் வீட்ல மங்கிடுச்சுன்னு எழுதினீங்க பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு. இது நியூட்ரல் கட், அதாவது கரண்ட் திரும்பி போற கம்பி அறுந்து போறது. உங்க பில்டிங்குக்கு மூணு ஃபேஸ் வருது, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு ஃபேஸ் பிரிச்சு குடுத்திருப்பாங்க, நியூட்ரல் மட்டும் எல்லாருக்கும் பொது. அது இருக்கிற வரைக்கும் ஆளுக்கு 230 வோல்ட். அது அறுந்துட்டா ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல இருக்கிற 400 சொச்சம் வோல்ட்டை ரெண்டு வீடும் பங்கு போட்டுக்கும், ஆனா சமமா இல்ல. கீசர், அயர்ன் பாக்ஸ் ஓடுற வீட்டுக்கு கம்மியா போகும், வெறும் டிவியும் சார்ஜரும் ஓடுற வீட்டுக்கு 300க்கு மேல வந்துடும்.

போன வருஷம் இதே மாதிரி ஒரு பில்டிங்ல மீட்டர் போர்டை மெயின் ஆஃப் பண்ணி திறந்து பார்த்தேன். நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூ விரலால சுத்தினாலே சுத்துது, கம்பி மேல இருந்த பிளாஸ்டிக் உருகி கரியாகி, அலுமினியத்துல வெள்ளையா பொடி பூத்திருந்துச்சு. அந்த ஒரு ஸ்க்ரூவால மூணு வீட்டு சாமான் போச்சு.

இனிமே லைட் பளீர்னு ஏறினா டிவியை ஆஃப் பண்ண ஓடாதீங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க, உடனே கரண்ட் ஆபீஸோட 1912க்கு போன் போடுங்க, கம்ப்ளைன்ட் நம்பரை எழுதி வைங்க. மீட்டருக்கு அப்புறம் இருக்கிற வயரிங் ஓனர் பொறுப்பு, அதை வருஷம் ஒரு தடவையாவது எலக்ட்ரீஷியன் டைட் பண்ணணும். மீட்டர் சீல்ல மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது.

கேள்வி (கே.ஆர்.புரம்): எம்சிபி இருக்கு, நல்ல ஸ்பைக் பஸ்டரும் இருக்கு. அப்படியும் போச்சே சார்?

எம்சிபி, அதாவது போர்டுல தானா விழுற அந்த சுவிட்ச், வோல்டேஜை பார்க்கவே பார்க்காது. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ மட்டும்தான் விழும். ஸ்பைக் பஸ்டர் உள்ள பட்டன் மாதிரி ஒரு சின்ன வட்டம் இருக்கும், எம்ஓவின்னு பேரு, கண் இமைக்கிறதுக்குள்ள வந்து போற ஸ்பைக்கை அது வாங்கிக்கும், ஆனா ஒவ்வொரு அடிக்கும் அதோட பலம் குறையும், நிறைய அடி வாங்கின பழசு சும்மா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரிதான். நிமிஷக்கணக்கா 300 வோல்ட் நின்னா புதுசும் கருகிடும். நியூட்ரல் கட்டுக்கு மெயின் போர்டுலயே ஓவர் வோல்டேஜ் ப்ரொடெக்டர் போடுங்க, வோல்டேஜ் லிமிட்டை தாண்டினதும் அதுவே கட் பண்ணிடும். இடிக்கு எஸ்பிடி, அதாவது இடியோட அடியை எர்த்துக்கு தள்ளி விடுற கருவி, தனியா போடணும்.

கேள்வி (விவேக் நகர், வாடகை வீடு): எலக்ட்ரீஷியன் எர்த் இல்லன்னு சொல்லி, ப்ளக் பாயின்ட்ல நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து ஒரு துண்டு வயர் போட்டுட்டு போயிட்டார். பரவாயில்லையா?

தம்பி, இன்னைக்கே அதை எடுக்க சொல்லுங்க. இது சாமான் போற விஷயம் இல்ல, உயிர் போற விஷயம். நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போச்சுன்னா வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பாடி முழுக்க கரண்ட் வந்து நிக்கும், ஈரக்கையோட தொட்டா என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க. டெஸ்டர்ல பார்த்தா எல்லாம் சரியா இருக்கிற மாதிரியேதான் காட்டும், அதனால ப்ளக்கை கழட்டி கண்ணால பார்க்கணும். ஓனர்கிட்ட பேசி எர்த் குழி போட வைங்க, கூடவே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற சுவிட்ச். நல்ல எர்த் இல்லாம எஸ்பிடி போட்டும் பெருசா பிரயோஜனம் இல்ல, வாங்கின அடியை அது எங்க கொண்டு போய் விடும்?

கேள்வி (எச்ஏஎல் பக்கம்): இடி இடிச்சப்போ டிவி ப்ளக்கை பிடுங்கிட்டேன், ஆனாலும் எச்டிஎம்ஐ போர்ட் செத்துப்போச்சு.

டிஷ் வயரை விட்டுட்டீங்க. மொட்டை மாடில இருந்து இறங்குற கேபிள், பக்கத்து பில்டிங்ல இருந்து இழுத்த இன்டர்நெட் லேன் வயர் ரெண்டுமே செம்பு, இடி அது வழியாவும் உள்ள வரும், செட் டாப் பாக்ஸ் வழியா எச்டிஎம்ஐக்கு போயிடும். மேகம் கருக்கும்போதே எல்லாத்தையும் கழட்டிடுங்க, இடிக்க ஆரம்பிச்சப்புறம் வயரை தொடாதீங்க.

கேள்வி (சிவாஜி நகர்): கரண்ட் போய் போய் வருது, ஃபிரிட்ஜுக்கு என்ன பண்றது?

கரண்ட் போனதும் ஃபிரிட்ஜ் சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க, வந்து அஞ்சு நிமிஷம் கழிச்சு போடுங்க. உள்ள கேஸ் பிரஷர் அடங்குறதுக்குள்ள திரும்ப ஸ்டார்ட் ஆனா கம்ப்ரஸர் சுத்த முடியாம திணறி சூடாகும். ஆள் இல்லாத வீடுன்னா டைம் டிலே இருக்கிற ஸ்டெபிலைசர் கேட்டு வாங்குங்க.