கேளுங்கள், சொல்கிறேன்: காற்றடிக்கும் ஊருக்கு வழிகாட்டி எதற்கு?

நானும் கணவரும் மொராக்கோ போகிறோம். கடலோரத்தில் எஸ்ஸவீரா என்ற பழைய ஊரில் ஒன்றரை நாள் தங்கல். தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளச் சொல்கிறார்கள். அவசியமா, வீண் செலவா? சந்துகளில் தொலைந்துவிடுவோமோ என்றும் பயம்.
— திருச்சி வாசகி

தொலைய மாட்டீர்கள். மொராக்கோவின் இன்னொரு பழைய நகரமான ஃபெஸ்ஸின் சந்துகளில் நான் அரை மணி நேரம் ஒரே கழுதையை மூன்று முறை பார்த்திருக்கிறேன். அது வேறு ஊர். எஸ்ஸவீராவில் தொலைவதற்குத் தனித் திறமை வேண்டும். 1760களில் சுல்தான் சிதி முகமது பின் அப்துல்லா, தியோதோர் கொர்னூ என்ற பிரெஞ்சுப் பொறியாளரை வைத்துக் கோடு போட்டுக் கட்டிய ஊர் அது. பாப் துக்காலா வாசலில் நுழைந்து நேரே நடந்தால் துறைமுகப் பக்கம் வந்து சேர்வீர்கள். வழி தெரிந்துகொள்ள மட்டும் என்றால் ஆள் வேண்டாம்.

நானும் அப்படித்தான் முதல் நாள் தனியாகச் சுற்றினேன். ஸ்கலா என்கிற கடலோரக் கோட்டை மதில், அதன்மேல் வரிசையாக ஸ்பெயினில் வார்த்த பீரங்கிகள், நீலப் படகுகள், தலைமேல் கத்தும் கடற்புறாக்கள், சுட்ட மத்தி மீன். எல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இதற்கா உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2001இல் சேர்த்தார்கள் என்றுகூட நினைத்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை மூன்று மணி நேரத்துக்கு ஒரு பெண் வழிகாட்டி வந்தார். மதில் பக்கமே போகவில்லை. மெல்லா என்கிற பழைய யூதர் குடியிருப்புக்குக் கூட்டிப்போய், பூட்டிய ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, நிலைப்படிக்கு மேலிருந்த கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது: உப்புக் காற்றில் தேய்ந்துபோன ஆறு முனை நட்சத்திரம். அகாதிர் துறைமுகத்தின் வியாபாரத்தை நிறுத்தி இங்கே திருப்பிவிட்ட சுல்தான், யூத வணிகக் குடும்பங்களை வரவழைத்து, வீடும் கடனும் கொடுத்து 'சுல்தானின் வணிகர்கள்' என்று வைத்துக்கொண்ட கதையை அந்த வாசலில் நின்றுதான் கேட்டேன். மொராக்கோக்காரர்கள் நாள் முழுவதும் குடிக்கிற பச்சைத் தேயிலையில் கணிசமான பங்கு ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்தில்தான் இறங்கியது. இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் மற்ற இடங்களுக்கும் அந்தக் குடும்பங்கள் போய்விட்டன. வீடுகள் பல இடிந்து நிற்கின்றன. 2020இல் திறந்த 'பைத் தாகிரா' என்ற நினைவு இல்லத்தைக் கட்டாயம் பாருங்கள். பழைய வணிகர் வீடு, உள்ளேயே ஒரு சிறிய ஜெப ஆலயம்.

அப்புறம் மதிலுக்குக் கீழே உள்ள தச்சுப் பட்டறைகள். ஒரு காலத்தில் வெடிமருந்து வைத்திருந்த அறைகள் அவை. அங்கே துயா என்ற மரத்தின் வேர்முண்டில் பெட்டி செய்கிறார்கள். வயதான தச்சர் ஒருவர் ஒன்றும் பேசாமல் சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். மிளகும் பிசினும் கலந்த மாதிரி ஒரு வாசனை. உட்புறம் வார்னிஷ் அடித்திருந்தால் அந்த வாசனை வராது, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள் என்றார் வழிகாட்டி. கூடவே, வேர்முண்டு வேண்டுமென்றால் மரத்தையே பெயர்க்க வேண்டும், மரமும் குறைந்துகொண்டே வருகிறது என்றும் சொன்னார். நான் ஒரே ஒரு பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது அதில் என் மூக்குக்கண்ணாடி இருக்கிறது.

ஆகவே அரை நாளுக்கு ஆள் வையுங்கள், அதுவும் முதல் நாள் காலையிலேயே. மதிலையும் துறைமுகத்தையும் மாலையில் நீங்கள் இருவரும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

சரியான வழிகாட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— மதுரை வாசகர்

கழுத்தைப் பாருங்கள். உரிமம் பெற்றவர்கள் அரசு கொடுத்த அட்டையை மாட்டியிருப்பார்கள். வாசலில் நின்று "இந்தியாவா? வாங்க" என்று தோளில் கை போடுகிறவரிடம் அது இருக்காது. அப்படி ஒருவரிடம் நான் மாட்டியிருக்கிறேன். நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனவர், ஆர்கன் என்ற மரத்தின் காயிலிருந்து எடுக்கும் எண்ணெய் விற்கும் ஒரு கடை, ஒரு கம்பளக் கடை, மறுபடி ஒரு எண்ணெய்க் கடை என்று காட்டி முடித்துவிட்டார். விற்ற பொருளில் அவருக்குப் பங்கு உண்டு.

நல்ல வழிகாட்டியும் கடைக்குக் கூட்டிப்போகலாம்; அதில் தப்பில்லை. வேண்டாம் என்றால் விட வேண்டும், அவ்வளவுதான். கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்: எத்தனை மணி நேரம், எத்தனை திர்ஹம், அது ஒரு ஆளுக்கா மொத்தக் குழுவுக்கா, கடை உண்டா இல்லையா. மீன் கடையிலும் இதே கதைதான், தராசில் வைக்கும் முன்பே கிலோ விலையைக் கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும், அன்று பட்டறை பார்க்கத் திட்டமிடாதீர்கள். இன்னொன்று, இங்குள்ள பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. உள்ளே கூட்டிப்போகிறேன் என்று எவராவது சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

மராக்கெஷிலிருந்து காரில் வந்தால் வழியில் ஆர்கன் மரத்தின்மேல் ஆடுகள் நிற்கும். ஆர்கன் காய் தின்ன ஆடு மரம் ஏறுவது நிஜம்தான். சாலையோரத்தில், படம் எடுக்க வசதியாக, அசையாமல் பத்து ஆடு நின்றால் அதை யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இறங்காதீர்கள்.

அமெரிக்க ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அங்கே தங்கி மணல் கோட்டை பற்றிய பாட்டை எழுதினாராமே?
— சேலம் வாசகர்

வந்தார், 1969இல், சில நாட்கள். பாட்டு 1967லேயே வெளிவந்துவிட்டது. பக்கத்துக் கிராமமான தியாபத்தில், மணலில் பாதி புதைந்த இடிபாட்டைக் காட்டி, இதைப் பார்த்துத்தான் எழுதினார் என்று இன்னமும் சொல்கிறார்கள். என் வழிகாட்டி அந்தக் கதையையும் சொன்னார், கடைசியில் இரண்டு வருடங்களையும் சொல்லிக் கண்ணடித்தார். அப்போதுதான் அவர் சொன்ன மற்றதையெல்லாம் நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

கடற்கரை ஊர்தானே, ஆசைதீரக் கடலில் குளிக்கலாமா?
— திருச்சி வாசகியே, இரண்டாவது கடிதத்தில்

காற்று விடாது. கோடையில் இன்னும் பலமாக அடிக்கும். பாய்மரப் பலகையில் சீறிப் பாய்கிறவர்கள் அதற்காகவே வருகிறார்கள். மற்றவர்கள் வாயில் மணலோடு திரும்புகிறார்கள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஈர மணலில் நடங்கள். எதிரே தெரிகிற தீவில் ஒரு காலத்தில் கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். இப்போது வல்லூறுகள் கூடு கட்டுகிற சரணாலயம், அனுமதியில்லாமல் இறங்க முடியாது. உங்கள் கணவரிடம் தொப்பி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். என்னுடையது அந்தத் தீவுப் பக்கம்தான் போனது.